தூளி கட்டுவது: கொக்கி, சேலை, உயரம், எப்போது அவிழ்ப்பது?

பொன்னிநதி
வீட்டில் தூளி கட்ட வேண்டும். வாடகை வீடு, கான்கிரீட் கூரை, 10 அடி உயரம். ஃபேன் கொக்கியைத் தவிர வேறு கொக்கி இல்லை. குழந்தைக்கு 2 மாதம், 4.8 கிலோ. மூத்தவளுக்கு மூன்றரை வயது, ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். எந்தச் சேலை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஸ்பிரிங் வேண்டுமா, எத்தனை மாதம் வரை போடலாம்? "எல்லாம் பழகிரும்" என்ற பதில் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

கரண்டிமேஸ்திரி
முதலில் கொக்கி. ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் தூளி போடுகிறவர்கள் உண்டு. கூரை வார்க்கும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய கொக்கி என்றால் எடை தாங்கும். ஆனால் பக்கத்திலேயே மின்வயர் முனை தொங்கும். அதை எலக்ட்ரீஷியனை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றி, பெட்டிக்குள் தள்ளி மூடிய பிறகுதான் தூளி. அதைவிட முக்கியம், ஃபேன் இல்லாத ஹாலில் மே மாதத்தில் எந்தப் பிள்ளையும் தூங்காது. தனிக் கொக்கி போடுங்கள்.

புதுக்கொக்கி என்றால் 10 அல்லது 12 எம்எம் ஆங்கர் போல்ட் (துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட்), முனை மூடிய வளையம். திறந்த கொக்கி வேண்டாம், ஆடும்போது கயிறு மேலேறி வெளியே வந்துவிடும். துளை காங்கிரீட்டுக்குள் இரண்டரை அங்குலமாவது போக வேண்டும். பூச்சு அரை அங்குலம் இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். துளையில் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டை முடுக்கினால் இறுகின மாதிரி தெரியும், பத்து நாளில் ஆட ஆரம்பிக்கும். பாதிப் பேர் தப்பு செய்வது இங்கேதான். ஃபேன் பெட்டியிலிருந்து சுவிட்ச் போர்டு இருக்கும் சுவர் வரை உள்ளே வயர் குழாய் ஓடும், அந்தக் கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளித் துளையிடுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் என்றால் பேச்சே இல்லை, அதில் எதையும் தொங்கவிடக் கூடாது.

கணக்குப்பிள்ளை_கோவை
மேஸ்திரி சொன்னதோடு ஒன்று. கூரையிலிருந்து நேர் கீழே இழுபடும் போல்ட் வேறு, சுவரில் அலமாரி தாங்கும் போல்ட் வேறு. தூளி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை ஆடும். முடுக்கி நிற்கும் சாதாரண ஆங்கர் அந்த அதிர்வில் மெல்ல மெல்லத் தளரும். பசை ஊற்றி ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் அவ்வளவு எளிதில் தளராது. அது கிடைக்காவிட்டால் நான்கு துளை உள்ள இரும்புத் தகடு, நான்கு போல்ட், நடுவில் வளையம். ஒன்று தளர்ந்தாலும் மூன்று பிடிக்கும்.

எடை 5 கிலோதானே என்று நினைக்காதீர்கள். மூன்றரை வயதுப் பிள்ளை 14 கிலோ இருக்கும், யாரும் பார்க்காதபோது ஏறும். வீசி ஆடினால் அதன் இழுப்பு எடையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. போகிற போக்கில் பெரியவர் யாராவது பிடித்துச் சாய்வார். கொக்கி 100 கிலோ தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க, 25 கிலோ அரிசி மூட்டை நான்கைக் கயிற்றில் கட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் வளையத்தின் அடியில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, போல்ட் மயிரிழை இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழையவீடு
ஓட்டு வீடு, மெட்ராஸ் டெர்ரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீடுகளில் உத்திரத்தில் இரும்பு வளையம் ஏற்கெனவே இருக்கும். மூன்று தலைமுறை ஆடிய வளையம், என்ன ஆகிவிடப் போகிறது என்று நம்பாதீர்கள். கயிறு உரசும் உள்பக்கத்தில் விரலை வைத்துத் தடவினால் பள்ளம் தெரியும். கம்பி பாதியாய்த் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். உத்திரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான்.

முந்தானை
இனி சேலை. பழைய பருத்திச் சேலைதான். பாட்டி சேலையில் முதல் தூளி போடுவது பாசத்துக்கு மட்டுமில்லை. நூறு முறை துவைத்து கஞ்சியெல்லாம் போன துணி மெத்தென்று இருக்கும், வேர்வையை இழுக்கும். பட்டு, பாலியெஸ்டர், ஜரிகை வைத்தது எதுவும் ஆகாது. செயற்கை நூலில் முடிச்சு வழுக்கும், ஜரிகை கன்னத்தைக் கிழிக்கும். ஆனால் பழசு என்றால் இற்றுப்போனது என்று அர்த்தமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், வலை மாதிரி தெரியும் இடம் இருந்தால் கழித்துவிடுங்கள். இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டி இழுத்தால் "சர்" என்று நூல் விடும் சத்தம் வரக்கூடாது.

அளவு: சேலை ஐந்தரை மீட்டர். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தால் முடிச்சுக்கு ஒரு முழம் போக வட்டம் சுமார் 5 மீட்டர், தொங்கும் நீளம் இரண்டரை மீட்டர். உங்கள் 10 அடிக் கூரைக்கு அப்படியே மாட்டினால் அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்றரை அடியில் நிற்கும், சரியான உயரம். ஆனால் ஒற்றைத் துணி. இதைவிடச் சேலையின் நீளம் பாதியாகும்படி இரண்டாக மடித்து, இரட்டைத் துணியாக வட்டம் கட்டுவது நல்லது. அப்போது தொங்குவது ஒன்றேகால் மீட்டர்தான், மீதிக்கு மேலே கயிறோ சங்கிலியோ வேண்டும். 8 முழ வேட்டியிலும் கட்டலாம். 4 முழ வேட்டி பத்தாது.

முடிச்சு மேலே, கயிற்றுப் பக்கம்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் தலைமாட்டில் வரக்கூடாது. முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் வால் விடுங்கள். கட்டியதும் அரிசி மூட்டையை உள்ளே வைத்து ஐந்து நிமிடம் ஆட்டுங்கள், புது முடிச்சு எப்போதும் கொஞ்சம் இறுகி இறங்கும். அதன் பிறகு உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

சுற்றுலாந்து
கயிறு பற்றி யாரும் பேசவில்லையே. தேங்காய்நார்க் கயிறு இரும்பில் உரசும் இடத்தில் சீக்கிரம் பிய்யும். நைலான் பிய்யாது, முடிச்சு நழுவும். இரண்டும் வேண்டாம் என்றால் இரும்புச் சங்கிலியும் திருகி மூடும் இணைப்பு வளையமும். துணி நேராக இரும்பில் படக்கூடாது, இடையில் தடித்த வளையம் போட்டு அதில் பழைய துணியைச் சுற்றிவிடுங்கள். தூளி அறுந்து விழுவது பெரும்பாலும் இந்த உரசலில்தான். சேலையின் நடுவில் கிழிந்து விழுவது குறைவு.

மலாக்காகாரர்
மலேசியாவில் சாரோங்கைக் குழாயாகத் தைத்து ஸ்பிரிங்கில் மாட்டுவோம், "புவாயான்" என்பார்கள். ஸ்பிரிங் இருந்தால் பிள்ளை கையை உதறும்போதே தானாகத் துள்ளும். வாங்கும்போது எடையைக் கேட்டு வாங்குங்கள். 15 கிலோ ஸ்பிரிங்கில் 4 கிலோ பிள்ளையைப் போட்டால் ஸ்பிரிங் இறங்கவே இறங்காது, மெல்லிய ஸ்பிரிங்கில் 9 கிலோவைப் போட்டால் தரை தட்டும். ஸ்பிரிங்குக்குள் ஒரு பாதுகாப்புக் கயிறு ஓட வேண்டும். ஸ்பிரிங் உடைந்தால் எடை அந்தக் கயிற்றுக்கு மாறும். கயிறு இல்லாத ஸ்பிரிங் விற்கிறார்கள், மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். ஸ்பிரிங்கைச் சுற்றித் துணி உறை போடுங்கள், மூத்த பிள்ளையின் விரலும் முடியும் அதில்தான் மாட்டும்.

கணக்குப்பிள்ளை_கோவை
ஸ்பிரிங் கட்டாயமில்லை. நீளமான தூளி தானாகவே மெதுவாக ஆடும். இரண்டரை மீட்டர் தொங்கினால் ஒரு முறை போய்வர மூன்று வினாடிக்குச் சற்று மேல். கடையில் விற்கும் ஸ்டாண்டுத் தொட்டில் ஒரு மீட்டர்தான் தொங்கும், இரண்டு வினாடியில் போய்வரும். அதில் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்கலாம். வீச்சு பக்கத்துக்கு ஒரு அடிக்கு மேல் வேண்டாம். சுவர், கட்டில், அலமாரி எதுவானாலும் சுற்றி 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அடியில் மெத்தையோ ஜமக்காளமோ மடித்துப் போட்டுவிடுங்கள்.

தாதி_தென்காசி
குழந்தைகள் வார்டில் வேலை செய்பவள் என்ற முறையில் சில விஷயங்கள். கொக்கி எவ்வளவு பலமாக இருந்தாலும் தூளிக்குள் பிள்ளை படுத்திருக்கும் விதம்தான் எனக்குக் கவலை.

துணி இரண்டு பக்கமும் நெருக்கினால் பிள்ளையின் முதுகு வில்லாக வளைந்து மோவாய் நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலையைத் தூக்கிக்கொள்ளத் தெரியாது. மூச்சுக்குழாய் மடிந்து காற்று குறையும். அழக்கூட அழாது, அமைதியாகத் தூங்குவது போலவே தெரியும். அதனால்தான் மேலே ஒரு கட்டையைக் கொடுத்துத் துணியை விரித்து வைக்கிறோம். ஒன்றரை அடி நீளம், இரண்டு முனையிலும் துணி நழுவாதபடி வெட்டு. அது பிள்ளையின் முகத்துக்கு மேல் ஒரு கை உயரத்திலாவது இருக்க வேண்டும், நழுவினாலும் முகத்தில் விழாதபடி துணியோடு கட்டிவிடுங்கள். படுக்க வைத்ததும் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள். தலையணை வேண்டாம், அது தலையை முன்னால் தள்ளும். ரப்பர் ஷீட் வேண்டாம், வழுக்கும். மடித்த பருத்தித் துணி ஒன்று போதும்.

வெளிச்சம் படாமலிருக்கத் துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஊக்கு குத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே சூடு ஏறும், மூக்கு மேல் துணி விழும், உங்களுக்கும் முகம் தெரியாது. கொசுவுக்குத் தூளிக்கு வெளியே பெரிய வலை கட்டுங்கள்.

கழுத்தில் கறுப்புக் கயிறு, சங்கிலி இருந்தால் தூளியில் போடும் முன் கழற்றுங்கள். அரைஞாண் இருக்கட்டும். பால் குடித்த கையோடு ஆட்டாதீர்கள். தோளில் போட்டு ஏப்பம் வந்தபின் கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, சளி பிடித்து மூச்சு இழுக்கும் பிள்ளை, இவர்களுக்குத் தூளியே வேண்டாம்.

இரவு முழுக்கத் தூளியில் விட்டுவிட்டுப் பெரியவர்களும் தூங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறங்க வைக்க மட்டும் தூளி. ஆழ்ந்து தூங்கியதும் தட்டையான, அமுங்காத படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஊர்க்குருவி
நாம் எல்லாரும் தூளியில் வளர்ந்தவர்கள்தானே? இலங்கையில் ஏணை என்பார்கள், அங்கேயும் அப்படித்தான். இத்தனை தலைமுறையாக யாருக்கு என்ன ஆச்சு? வெள்ளைக்காரன் ஆராய்ச்சியைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பயப்பட்டால் எப்படி?

தாதி_தென்காசி
அண்ணே, தூளியே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அந்தக் காலத்தில் தூளிக்குப் பக்கத்தில் அப்பத்தா, அத்தை, சித்தி என்று யாராவது ஒருவர் உட்கார்ந்தே இருப்பார்கள். ஒரு கை கயிற்றில், ஒரு கண் பிள்ளை மேல். இன்று இரண்டு பேர் இருக்கும் வீட்டில், ஒருவர் வேலைக்குப் போக, இன்னொருவர் அடுப்படியில் நிற்கிறார். மாறியது அதுதான். மோட்டார் வைத்த தொட்டில் கையின் வேலையை மட்டும் செய்யும், கண்ணின் வேலையைச் செய்யாது. அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கக்கூடாது என்று 2022-ல் சட்டமே போட்டார்கள். தூளியின் வளைவு அதைவிட அதிகம். நடந்த சாவு எல்லாம் ஊருக்குத் தெரிவதில்லை அண்ணே. "தூக்கத்திலேயே போயிடுச்சு" என்று மட்டும் சொல்வார்கள்.

ஊர்க்குருவி
பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது சரிதான். ஒப்புக்கொள்கிறேன்.

இரட்டைக்குழல்
பொன்னி, நீங்கள் மூத்தவளைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆள் இல்லாத வெறும் தூளியில்தான் ஆபத்து அதிகம். செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் பெரிய பிள்ளைகள்தான். சேலைக்குள் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி முறுக்குவார்கள், முறுக்கு கழுத்துக்கு ஏறும். உடல் எடையே இறுக்கும். கழுத்தின் ரத்தக்குழாய் அமுங்கினால் சில வினாடியில் நினைவு போய்விடும், கத்தக் குரல் வராது. அடுத்த அறையில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

ஆகவே குழந்தையை வெளியே எடுத்த அடுத்த கணமே தூளி தொங்கக் கூடாது. சேலையை அள்ளிச் சுருட்டி, ஆறடிக்கு மேல் கயிற்றோடு சேர்த்து முடிந்துவிடுங்கள். பக்கத்தில் நாற்காலி இருக்கக் கூடாது. இன்னும் நல்லது, வளையத்திலிருந்து மொத்தமாகக் கழற்றி அலமாரியில் வைப்பது. அதற்காகவே இணைப்பு வளையத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துக் கட்டினால் கழற்ற அரை நிமிடம் ஆகாது. உங்களைத் தவிர வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதைப் பழக்குங்கள், பகலில் இருப்பது அவர்கள்தானே.

"தொடாதே" என்றால் மூன்றரை வயது கட்டாயம் தொடும். ஒரு வேலை கொடுங்கள். ஆட்டுவது பெரியவர் வேலை, தாலாட்டுப் பாடுவது அக்கா வேலை. தூளியிலிருந்து மூன்று அடி தள்ளி ஒரு பாய் போட்டு அதில் உட்கார்ந்துதான் பாட வேண்டும் என்று வைத்துவிடுங்கள். அவளுக்கும் ஆட வேண்டும் என்றால் பூங்கா ஊஞ்சல் இருக்கிறது. "ஒரே ஒரு தடவை" என்று தூளியில் ஏற்றினால் அதன்பின் தடுக்கவே முடியாது.

பொன்னிநதி
எல்லோருக்கும் நன்றி. சுருட்டி முடிவதை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த கேள்வி: தூளியிலிருந்து படுக்கைக்கு மாற்றினால் முதுகு பட்டவுடன் கண்ணைத் திறந்துவிடுகிறாள். தாதி அக்கா சொல்கிறபடி மாற்றுவது எப்படி?

தாதி_தென்காசி
கண் மூடிய உடனே தூக்கக் கூடாது. 15, 20 நிமிடம் காத்திருங்கள். கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழ வேண்டும், கண்ணிமை துடிக்கக் கூடாது, மூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். தூளி முழுக்க நின்றபின் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். ஆட்டம் நின்றதற்கே விழிக்கும் பிள்ளைகள் உண்டு, அப்படியானால் தூக்கம் இன்னும் ஆழமாகவில்லை.

பிறகு ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும், ஒரு கை இடுப்புக்கும். உங்கள் நெஞ்சோடு ஒட்டியபடியே குனிந்து, முதலில் இடுப்பு, அடுத்து முதுகு, கடைசியில் தலை. தலையை முதலில் வைத்தால் விழுவது போலத் தோன்றிக் கை இரண்டையும் விரித்து உதறும். கிடத்தியபின் நெஞ்சின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருங்கள். இந்த உதறல் 4, 5 மாதத்தில் தானாகக் குறையும்.

படுக்கை ஜில்லென்று இருப்பதும் காரணம். தூளிச் சேலையில் இன்னொன்று இருக்குமே, அதை விரிப்பாகப் போட்டு நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுகச் செருகிவிடுங்கள். அதே வாசனை, அதே மெத்து.

பகலில் விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கப் போட மறக்காதீர்கள், நாளுக்கு மொத்தம் அரை மணி நேரம், ஐந்து ஐந்து நிமிடமாக. தூளியிலேயே பகலெல்லாம் கிடந்தால் கழுத்தும் தோளும் வலுப்பட வேலையே இல்லாமல் போய்விடும்.

முந்தானை
சேலை மாற்றுவது பற்றி: மூன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூளியில், ஒன்று கொடியில், ஒன்று மடிப்பில். மூத்திரம் பட்டால் அன்றே அலச வேண்டும், காய்ந்து காய்ந்து அந்த இடம்தான் முதலில் இற்றுப்போகும். கஞ்சி போடாதீர்கள். ஒவ்வொரு முறை கட்டும்போதும் துணியைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டினால் ஒரே இடம் தேயாது. ஈரத்தோடு கட்டக் கூடாது, பருத்தி ஈரத்தில் நீளும், மாலைக்குள் தூளி தரையைத் தொடும்.

மெல்லமெல்ல
எப்போது நிறுத்துவது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. குப்புற விழ ஆரம்பித்ததும் நிறுத்தும் யோசனை வர வேண்டும், அது 4 மாத வாக்கில். எழுந்து உட்கார முயன்றால் அன்றோடு முடிந்தது, ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழும். இரண்டு வயது வரை போடும் வீடுகள் இருக்கின்றன, நான் சொல்ல மாட்டேன்.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்று நாள் வீடே தூங்காது. இரவின் முதல் தூக்கத்தில் ஆரம்பியுங்கள், அப்போதுதான் அசதி அதிகம். முதல் நான்கு நாள் கண் சொருகும் வரை மட்டும் ஆட்டி நிறுத்துங்கள், முழுத் தூக்கம் வரும் வரை ஆட்டாதீர்கள். அடுத்த நான்கு நாள் தூளியை ஆட்டாமல் பாட்டும் தட்டலும் மட்டும். அதன்பின் அதே பாட்டு, அதே தட்டல், ஆனால் படுக்கையில். பாட்டை மாற்றாதீர்கள், அதுதான் பிள்ளைக்கு அடையாளம். இரவு படிந்தபின் காலைத் தூக்கம், கடைசியில் மாலைத் தூக்கம். மாலைதான் அடம் அதிகம். மொத்தம் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போட்ட வாரம், காய்ச்சல், ஊருக்குப் போகும் வாரம் இதில் எதிலும் தொடங்க வேண்டாம். நடுவில் காய்ச்சல் வந்தால் தூளிக்கே திரும்பலாம், பிறகு இரண்டாவது படியிலிருந்து தொடருங்கள்.

மாமியார் ஒரு பக்கம் ஆட்டிக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது. முதலில் அவரிடம் பேசிவிடுங்கள்.

பொன்னிநதி
வீட்டு உரிமையாளர் ஒரே ஒரு துளைக்குத்தான் ஒப்புக்கொண்டார். கெமிக்கல் ஆங்கர் போடச் சொல்லிவிட்டேன். காலி செய்யும்போது என்ன செய்வது? அதே கொக்கியில் பின்னால் மூத்தவளுக்கு ஊஞ்சல் போடலாமா?

கரண்டிமேஸ்திரி
பசை ஆங்கர் வெளியே வராது. கிரைண்டரால் கூரை மட்டத்துக்கு வெட்டி, வெட்டிய முனையில் துரு பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பூசி, மேலே வெள்ளை சிமெண்ட் பட்டி அடித்துவிட்டால் தெரியாது. பசை ஊற்றிய அன்றே தூளி கட்டாதீர்கள், ஒரு முழு நாள் விடுங்கள்.

ஊஞ்சலுக்கு ஒற்றைக் கொக்கி ஆகாது, பலகை சுற்றும். இரண்டு கொக்கி வேண்டும், பலகையின் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதல் இடைவெளியில். அதற்கு வீட்டுக்காரரிடம் இன்னொரு துளை கேளுங்கள்.